முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு இணைய இணைப்பு

புளியங்கூடலில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளையும் பெற்று வளர்த்த எங்கள் பெரியம்மா இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கின்றார். பிள்ளைகள் மூவரில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிசில். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வோடு சிதறிப்போன தீவகக் குடும்பங்களில் இது ஒன்றும் புதுமையான கதையன்று. இதை வாசிப்போரில் பலருக்கும் இப்படியொரு தாயோ, மாமியோ, சித்தப்பாவோ இருக்கக்கூடும். அவருக்கு இணைய வசதி செய்து கொடுக்கப் போய் நாம் பட்ட பாட்டையும் படித்த பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் விட்ட பிழையைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு சாதனம் வந்தது. யாராவது அழைத்தால் அது தானாகவே திறந்துகொள்ளும். பெரியம்மா எதையும் தொடத் தேவையில்லை. “கிழவிக்கு இதுதான் சுகம்” என்று எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டு கிழமை கழிந்ததும் படம் வரவில்லை என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். இணைப்பில் கோளாறு என்று எண்ணிப் போய்ப் பார்த்தால், சாதனத்தின்மேல் ஒரு துவாய் போர்த்தியிருந்தது. பெரியம்மாவே போர்த்தியிருந்தார். உடுப்பு மாற்றும் வேளையிலும், பணிப்பெண் உடம்பு துடைத்துவிடும் வேளையிலும், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் திடீரென்று சுவரில் தோன்றினால் ஒரு தாய் என்ன செய்வாள்? கதவில் தட்டாமல் எவரும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. நாமோ அந்தக் கதவையே கழற்றிவிட்டோம்.

ஆகவே, எந்தச் சாதனத்தை வாங்கினாலும், அழைப்பை ஏற்கவும், மறுக்கவும், தானாக ஒருவரை அழைக்கவும் முதியவரால் முடியவேண்டும். மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இல்லப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசாமல் எதையும் வாங்கிவிடக்கூடாது. சில இல்லங்களில் பொதுவான வைபை இருக்கும். அது அலுவலக அறையோடு நின்றுவிடுகிறதா, கட்டில்வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். றவுட்டர் வைப்பதற்கு மின்செருகி உண்டா, மின்கட்டணத்துக்கு என்ன ஒழுங்கு, எத்தனை மணிக்குச் செபம், எத்தனை மணிக்குப் படுக்கை என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். ஒரே மண்டபத்தில் நாலைந்து பேர் படுத்திருக்கும் இடமாயின், கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பெரிய விடயம். அயல் கட்டிலில் இருப்பவரும் ஒருவரின் தாய்தான்.

தனியாக இணைப்பு எடுப்பதாயின், ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளைக் கொண்டுபோய், முதியவர் இருந்து கதைக்கப்போகும் அதே கதிரையில் இருந்து வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். தடித்த சுண்ணக்கல் சுவர்கள் உள்ள பழைய கட்டடங்களில் முற்றத்தில் நன்றாக வரும் அலைவரிசை உள்ளறையில் மெலிந்துவிடும். 4ஜி றவுட்டரை யன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் நிலைமை திருந்தும். நிறுவனம் தரும் றவுட்டரில் அநேகமாக அந்த நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும். பின்னர் மாற்ற நினைப்பவர்கள் இதை மனதிற்கொள்க. திட்டத்தைத் தெரிவு செய்யும்போது, சொல்லப்படும் டேட்டா அளவில் எவ்வளவு பகலுக்குரியது என்று கேளுங்கள். சில திட்டங்களில் ஒரு பெரும் பங்கு நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கானது. அந்நேரம் பெரியம்மா யாரோடு கதைப்பார்?

சிம் யாருடைய பெயரில் என்பதிலும் நாம் இடறினோம். தம்பியின் மகன் தன் அடையாள அட்டையில் எடுத்தான். ஆறு மாதத்தில் அவனும் வெளிநாடு போய்விட்டான். இயன்றால் முதியவரின் பெயரிலேயே எடுப்பது நல்லது. பணம் ரொறன்ரோவிலிருந்து கட்டலாம், ஆனால் அரை மணித்தியாலத்தில் இல்லத்துக்குப் போகக்கூடிய ஒருவர் ஊரில் பொறுப்பாக இருக்கவேண்டும்.

மின்சாரத்தை நம்பிவிட முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருண்டது. பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார்கள். றவுட்டருக்கு ஒரு சிறிய பற்றரி வாங்கி வைப்பது வீண்செலவன்று.

இனிக் கைத்தொலைபேசி. முதியோரின் விரல் நுனி உலர்ந்திருப்பதால் தொடுதிரை சிலவேளை அவர்கள் தொடுவதை உணராது. உடனே அழுத்திப் பிடிப்பார்கள். வேறு ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். “நான் பழுதாக்கிப்போட்டன்” என்ற பயம் அப்போதுதான் பிறக்கிறது. எவ்வளவு நேரம் அழுத்தினால் நீண்ட அழுத்தமாகக் கொள்ளவேண்டும் என்பதை அமைப்புகளில் கூட்டிவிடலாம். எழுத்தைப் பெரிதாக்கி, முதல் திரையில் பிள்ளைகளின் முகப்படங்கள் மூன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை அகற்றிவிட்டோம். வீடியோவில் முகத்தைப் பார்க்காமல் தொலைபேசியைக் காதிலே வைத்துக்கொள்வது எல்லா முதியோரும் செய்வதே. ஒரு சிறு தாங்கியில் நிறுத்திவைத்தால் அது தீரும். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் கறுப்பாகத் தெரியும். வயதினால் செவி மங்கும்போது உச்சத் தொனிகள்தாம் முதலில் மறைகின்றன. எனவே கத்துவதால் பயனில்லை. ஒருவர் பின் ஒருவராக, நிறுத்தி நிதானமாகக் கதைக்க வேண்டும். நாலு பேரப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் கதைத்தால் அவருக்கு இரைச்சலே மிஞ்சும்.

ஆறு இலக்க எண்ணொன்று வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், மகன் என்று சொல்லிக் கேட்டாலும், சொல்லக்கூடாது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கட்டிலருகே ஒட்டியிருக்கிறோம். வட்ஸ்அப்பில் இரட்டைப் பாதுகாப்புக்கான இரகசிய இலக்கத்தையும் போட்டு, அதைப் பொறுப்பானவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இடைக்கிடை அது அந்த இலக்கத்தைக் கேட்கும்; தெரியாவிட்டால் முதியவர் திகைத்துப்போவார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்; மாரியில் பத்தரை. லண்டன் நாலரை, பின் ஐந்தரை. அங்கே மாரிக்காக மணிக்கூட்டைப் பின்னோக்கி மாற்றும் நாளில், வழக்கமான அழைப்பு இங்கே ஒரு மணித்தியாலம் பிந்தி வரும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பெரியம்மா மனதில் எத்தனை விபத்து, எத்தனை வருத்தம்! முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

2020இல் கொரோனாவினால் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பராமரிப்பு இல்லங்கள் பார்வையாளருக்கு மூடப்பட்டபோது, பல குடும்பங்களுக்குத் திரை ஒன்றே வழியாயிற்று. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டியர், முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தியபோது, முதியோரை நேரிலோ, தொடர்பு சாதனங்கள் வழியாகவோ சந்திப்போருக்குத் திருச்சபை பரிபூரண பலனை அளித்தது. இருப்பினும், நேரில் போகக்கூடியவர் தொலைபேசியோடு நின்றுவிடுவது வேறு விடயம். இணைப்பு வந்த பின் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாமே பெரியம்மாவிடம் போவதைக் குறைத்துக்கொண்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இப்போது ஞாயிறு தோறும் ஒருவர் போகிறோம்.

சென்ற மாதம் ரொறன்ரோ மகன் எடுத்த அழைப்பைப் பெரியம்மா நிறுத்திவிட்டார். மகன் பதறி எங்களுக்கு எடுத்தான். அரை மணித்தியாலம் கழித்து அவரே தன் விரலால் மகனின் முகத்தை அழுத்தி அழைத்தாராம்: “செபமாலை நேரம், மோனை. இப்ப சொல்லு.”