கணினிக்கும் ஊரும் வீடும் உண்டு

பள்ளிக் கணினிகள் யாவும் இயங்கும். ஆயினும் சிலவற்றில் மட்டும் பாடம் திறவாது. காரணம் யாது?

தெலுக் பங்லிமா காராங்கின் அஞ்சல் எண் 42500, கிள்ளானுக்கோ 41000. கணினி முகவரியும் அத்தகையதே. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 ஆயின், முதல் மூன்று எண்கள் ஊர், ஈற்றெண் வீடு. 192.168.1.20 என்னும் கணினிக்கு 192.168.2.20 வேற்றூர். இடையே அஞ்சலகமாக ரௌட்டர் வேண்டும்.

ஆசிரியர்கள் முறையாகச் சோதிக்க வேண்டியவை மூன்று:

1. முகவரி 169.254 எனத் தொடங்குகிறதா? அங்ஙனமாயின் முகவரி வழங்கும் கருவியிடமிருந்து பதில் கிட்டவில்லை. முதலில் கம்பியைப் பாருங்கள்.

2. ஓர் ஊர்க் கணினிகள் அனைத்திலும் சப்நெட் மாஸ்க் ஒன்றுதானா?

3. கணினியில் குறித்துள்ள ரௌட்டர் முகவரி அதே ஊரைச் சேர்ந்ததா?

புதுக் கணினி வாங்கப் பெற்றோரிடம் பணம் திரட்டுமுன் இம்மூன்றையும் பாருங்கள். பல வேளைகளில் ஓர் எண்ணைத் திருத்துவதே போதும்.