நினைதலும் ஆராய்தலும்: பள்ளிப் பருவத்துப் பாடல்கள்

முன்னுரை

பள்ளிப் பருவத்தில் கேட்ட பாடல் ஒன்று எதிர்பாராத வேளையில் காதில் விழுமாயின், கைவேலையை நிறுத்திவிட்டுச் சற்றே செவி சாய்க்காதவர் அரியர். அப்பாடலோடு அதனைக் கேட்ட தெருவும், திண்ணையும், உடனிருந்த தோழரும் நினைவில் எழுவர். இவ்வுணர்வு இனியது. எனினும் அது எதனைக் காக்கிறது, எதனைக் கைநழுவ விடுகிறது என எண்ணிப் பார்ப்பது தமிழ் பயில்வோர் கடமையாகும். குரலும் இசையும் நம் நினைவில் நிற்க, பாடலை எழுதியவர் பெயர் மட்டும் மறைந்துபோவதைச் சுட்டிக்காட்டி, அப்பெயர்களைத் தேடித் தொகுக்க வேண்டிய தேவையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெண்ணத்திற்கு வித்திட்டது பள்ளியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். 1970களில் நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, இலக்கிய மன்ற விழாவில் மாணவர் ஒருவர் ‘நான் பெற்ற செல்வம்’ (1956) படத்தில் உலகத்தாரின் ஏச்சைப் பற்றி வரும் பாடலைப் பாடினார். பாடல் முடிந்ததும் தமிழாசிரியர், “இது யார் பாட்டு?” என வினவினார். “சிவாஜி பாட்டு ஐயா” என்றார் ஒருவர். “டி. எம். சௌந்தரராசன் பாட்டு” என்றார் மற்றொருவர். “நடித்தவரைச் சொன்னீர்கள், பாடியவரைச் சொன்னீர்கள். எழுதியவர் யார்?” என ஆசிரியர் மீண்டும் கேட்டபோது வகுப்பே வாய்மூடி நின்றது. “கவி கா. மு. ஷெரீப்” என்று அவரே விடை கூறி அமர்ந்தார். அப்பாடலைப் பலமுறை பாடிய நாங்கள் அப்பெயரைக் கேட்டது அன்றுதான்.

தமிழ் மரபில் இளமை நினைவு

கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் உணர்வை மேலைநாட்டார் ‘நாஸ்டால்ஜியா’ என்பர். வீடு திரும்பல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 1688இல் யோகான்னசு ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இச்சொல்லை ஆக்கினார். ஊரைவிட்டு அயல்நாடு சென்றோர்க்கு நேரும் ஒரு நோயாகவே அவர் அதனைக் கருதினார்.

தமிழ் மரபோ இதனை நோயாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதலிய எட்டினைக் கூறியபின், வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் ‘நினைதல்’ ஒன்று, ‘ஆராய்ச்சி’ மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே வரிசையில் அவர் வைத்திருப்பது நம் பொருளுக்குப் பெரிதும் துணைசெய்வதாகும்.

இளமையை எண்ணி இரங்கும் தமிழ்ப் பாடல்களுள் தலையாயது புறநானூற்றின் 243ஆம் பாடலாகும். மணற்பாவைக்குப் பூச்சூட்டியும், கயத்தில் மகளிரொடு கைகோத்து ஆடியும், நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையிலுள்ளோர் மருளக் குதித்து மூழ்கி, அடியிலுள்ள மணலை அள்ளி வந்ததுமான இளமையை, இன்று கோலூன்றி இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் நினைந்து இரங்குகிறார். அவ்விரக்கத்தை அவர் தம் ஒருவர்க்கு உரியதாகக் கூறாமல் பன்மையிலேயே உரைக்கிறார். இளமை நினைவு தனியொருவர் உடைமையன்று. உடன் ஆடியவர் அனைவர்க்கும் உரியது என்பது இதனால் பெறப்படும்.

இப்பாடலை இயற்றியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் அவர் ஆண்ட ஒரு தொடரைக் கொண்டே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என அவர் வழங்கப்படுகிறார். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் ஆகியோரும் இவ்வாறு தொடரால் பெயர் பெற்றவர்களே. பெயர் தெரியாத இடத்தும் புலவர்க்கு ஓர் அடையாளம் தந்து காத்த மரபு நம்முடையது. அச்சும் ஒலிப்பதிவும் பெருகிய காலத்தில் வாழ்ந்த பாடலாசிரியரை நாம் மறந்திருப்பது அம்மரபுக்கு ஒவ்வாததாகும்.

பள்ளிப் பருவப் பாடல் நிலைத்து நிற்பதற்குரிய காரணங்கள்

முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், இளமைக் காலத்து நினைவுகளே மிகுதியாக வெளிப்படுகின்றன. 1986இல் டேவிட் ரூபினும் அவர்தம் உடனாய்வாளர்களும் இதனை எடுத்துக்காட்டினர். இசை விருப்பத்தை ஆய்ந்த ஓல்புரூக், சிண்ட்லர் என்போர், ஒருவர் ஏறத்தாழ 24 வயதில் இருந்தபோது வெளிவந்த பாடல்களையே பின்னாளில் மிகவும் விரும்புகிறார் என 1989இல் கண்டனர். அவ்வாறாயின் அதற்கும் முந்திய பள்ளிப் பருவத்துப் பாடல்கள் மனத்தில் நிற்பது ஏன்?

இதற்கு நாம் இரு காரணங்களைக் கூறலாம். ஒன்று, மனனம். எதுகை, மோனை, இயைபு ஆகியவற்றால் கட்டுண்டு, பல்லவி மீண்டும் மீண்டும் வரும் பாடலை மாணவப் பருவத்தில் நாம் முயலாமலே மனப்பாடம் செய்துவிடுகிறோம். மற்றொன்று, தேர்வின்மை. அந்நாளில் பாடலை நாம் தேர்ந்தெடுத்துக் கேட்கவில்லை. தேநீர்க் கடை வானொலியும் திருமண வீட்டு ஒலிபெருக்கியும் தந்ததையே ஊரார் அனைவரும் ஒருங்கே கேட்டோம். ஆகவே ஒரு பாடல் ஊர் முழுவதற்கும் பொதுநினைவாயிற்று.

1970களில் பயின்ற நாம் 1956ஆம் ஆண்டுப் பாடலை நம் பாடலாகக் கருதியதற்கும் விளக்கம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கரோல் குரும்ஆன்சல், தம் உடனாய்வாளர் ஒருவரோடு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் தம் காலப் பாடல்களை மட்டுமன்றித் தம் பெற்றோரின் இளமைக் காலப் பாடல்களையும் நினைவோடும் விருப்போடும் ஏற்பதைக் காட்டினார். வீட்டில் தாய் முணுமுணுத்த பாடல் பிள்ளையின் பள்ளிப் பருவப் பாடலாக மாறிவிடுகிறது.

வானொலி வளர்த்த செவிச்செல்வம்

1952இல் பா. வி. கேஸ்கர் ஒன்றிய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானபின், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறுகியது. திரைப்பாடலை விரும்பியோர் கடல்கடந்து வந்த இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்னரும், தமிழகக் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலிக்கு இருந்த செல்வாக்குக் குறையவில்லை. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் தெளிந்த தமிழ் உச்சரிப்பு மாணவர் பலருக்குப் பாடநூலுக்கு இணையாகப் பயன்பட்டது எனலாம்.

இத்துணைப் பாடல்களைக் கேட்டும் எழுதியவர் பெயர் நிலைக்காமைக்குக் காரணம் யாது? குரலைச் செவி நேரே அறிகிறது; நடித்தவர் முகத்தைத் திரை காட்டுகிறது. எழுதியவரை அறிய வேண்டுமாயின் யாரேனும் சொல்ல வேண்டும். அன்றியும், ஒரே படத்திற்குப் பலர் பாடல் எழுதும் வழக்கம் அந்நாளில் இருந்தது. படத்தின் தொடக்கத்தில் அவர்தம் பெயர்கள் ஒருங்கே தோன்றி மறையும். எப்பாடல் எவருடையது என்பது பார்ப்போர்க்குப் புலனாவதில்லை. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களோ மெல்லிய தாளில் அச்சானவை. படித்தபின் பொட்டலம் கட்டவே பயன்பட்டன.

பெயர் தெரிந்தால் புலப்படுவது

கா. மு. ஷெரீப் (1914–1994) திருவாரூர்ப் பகுதியிலுள்ள அபிவிருத்தீசுவரத்தில் பிறந்தவர், ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்தில் பணியாற்றியவர், இதழாசிரியர். ‘டவுன் பஸ்’ (1955) படத்தில் எம். எஸ். ராஜேஸ்வரி பாடிய சிட்டுக்குருவிப் பாடலும், ‘முதலாளி’ (1957) படத்தில் ஏரிக்கரைமேல் நடந்து செல்லும் பெண்ணை நோக்கி டி. எம். சௌந்தரராசன் பாடியதும் இவர் எழுதியவையே. இரண்டிற்கும் இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். பிரிந்த கணவனுக்காகப் பறவையைத் தூதாக விளிப்பது சங்கம் முதல் வரும் தூது மரபின் வழிவந்தது. அம்மரபைப் பேருந்துக் காலத்து எளிய சொற்களில் வைத்த கவிஞர் இவர் என அறியும்போது, நாம் முணுமுணுத்த பாடல் இலக்கிய வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது.

இதன் மறுபக்கத்தையும் காண்க. ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் டி. எம். சௌந்தரராசனும் நாகூர் ஈ. எம். அனிபாவும் இணைந்து பாடிய கொண்டாட்டப் பாடல், பெருநாள்தோறும் நம் தெருக்களில் ஒலித்தது. அதனை எழுதியவர் கண்ணதாசன். இசையமைத்தவர்கள் விசுவநாதன், ராமமூர்த்தி. முஸ்லிம்களின் பெருநாள் மகிழ்ச்சியைக் கண்ணதாசன் பாடினார். தமிழ்ச் சிற்றூரின் ஏரிக்கரைக் காதலைக் ஷெரீப் பாடினார். பாடியவர் பெயர் மட்டும் தெரிந்தவர்க்கு இவ்வுண்மை விளங்காது. தமிழர் ஒருவர் நெஞ்சில் மற்றவர் புகுந்து பாடிய காலம் ஒன்று இருந்தமைக்கு இப்பெயர்களே சான்றாவன. பெயர் மறைந்தால் சான்றும் மறையும்.

இசுலாமியத் தமிழ்ப் பாடல்களின் நிலை

நாகூர் அனிபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரலைக் கேளாமல் வளர்ந்த தமிழ் முஸ்லிம் இல்லை எனலாம். சமய வேறுபாடின்றிப் பிறரும் அவர் பாடல்களைப் போற்றினர். எனினும் அவருக்குப் பாடல் எழுதித் தந்த நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் முதலிய கவிஞர்களை அறிந்தோர் எத்துணையர்? திரைப்பாடலுக்குப் படத்தின் பெயரேனும் உண்டு. அதனைப் பற்றித் தேடலாம். தனிப்பாடலாக இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வந்த சமயப் பாடலுக்கு அத்துணையும் இல்லை.

இவற்றினும் நிலையற்றவை வாய்மொழிப் பாடல்கள். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்தில் தப்ஸ் கொட்டி ஊரை எழுப்பிய பக்கிர்மார்களின் பாடல்கள், திருமண வீட்டில் பெண்கள் பாடிய பாடல்கள், பாட்டிமார் ஓதிய முனாஜாத்துகள் ஆகியவை நம் செவியில் மட்டுமே பதிந்தவை. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத் எனப் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்த சமுதாயம் நம்முடையது. 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா தொடங்கி, உமறுப்புலவரின் சீறாப்புராணம், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் வரை ஏடும் அச்சும் காத்தவற்றை நாம் பாடமாகப் பயில்கிறோம். எழுத்தில் ஏறாத பாடல்களோ பாடியவர் மறைவோடு மறைகின்றன.

செய்யத் தக்கன

மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியவர் ஒருவரிடம், அவர் பள்ளிப் பருவத்தில் கேட்ட பாடல் ஒன்றைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தல் வேண்டும். எங்கே கேட்டார், யாரோடு கேட்டார், இன்று எவ்வடிகள் மறந்தன என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். பழைய கருவி தேவையில்லை. கையிலுள்ள கைபேசியே போதும். பின்னர்ப் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, ஒலிநாடா உறை ஆகியவற்றோடு ஒப்பிட்டு எழுதியவர் பெயரை உறுதி செய்தல் வேண்டும். உறுதியாகாத இடத்தில் ஊகத்தை எழுதாமல் வெற்றிடமாக விடுதலே நேர்மையாகும். நினைவு தவறும் இயல்பினது. நம் வகுப்பில் இருவர் கூறிய விடையே அதற்குச் சான்று.

இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று. ஒலிநாடாக்கள் பூஞ்சை படிந்தும் ஒட்டிக்கொண்டும் அழிகின்றன. அவற்றினும் விரைந்து மறைகின்றனர் பாடலறிந்த முதியோர். துறைதோறும் ஒரு கையேட்டில் இவை தொகுக்கப்படுமாயின், வருங்கால ஆய்வாளர்க்கு அது முதன்மைச் சான்றாக விளங்கும்.

முடிவுரை

பள்ளிப் பருவத்துப் பாடல்கள் முயலாத மனனத்தாலும், ஊரோடு ஒருங்கே கேட்ட இயல்பாலும் நிலைபெறுகின்றன என்பதும், அந்நினைவு குரலைக் காத்துக் கவிஞரைக் கைவிடுகிறது என்பதும், கவிஞர் பெயரை மீட்டால் தமிழரின் ஒருமைப்பாட்டு வரலாறு ஒன்றும் உடன் மீளும் என்பதும் இக்கட்டுரையால் அறியப்பட்டன. நினைதலோடு நில்லாமல் ஆராய்தலுக்குச் செல்வது நம் கடன். அன்று வகுப்பில் தமிழாசிரியர் கேட்ட வினாவுக்கு நாங்கள் விடை கூற இயலவில்லை. அவ்வினாவை இன்று நம் மாணவரிடம் ஒப்படைக்கிறோம்: இனிப் பழைய பாடல் எது காதில் விழுந்தாலும், அதனை எழுதியவர் யார் எனக் கேளுங்கள்.