கயிற்றை யார் கையில் கொடுப்பாய்?

கண்ணு, மூளையின் செயலைப் படமெடுக்கும் ஆய்வுக்குப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். முப்பது வருஷம் அதிலேயே கிடந்தவள் உன் அத்தை. நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. எதைப் பார்க்கிறோம் என்பதை மறக்காதே. எஃப்.எம்.ஆர்.ஐ. எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. நரம்பணுக்கள் உழைக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடிவரும். அதிலுள்ள ஆக்சிஜனின் மாற்றத்தைத்தான் ஸ்கேனர் உணர்கிறது. 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழி அது. உழைப்பு நடந்து ஐந்தாறு விநாடி கழித்தே அலை உச்சிக்கு வரும். தண்ணீர்மேல் வரும் குமிழியைப் பார்த்து, கீழே முத்துக்குளிப்பவர் என்ன செய்கிறார் என்று ஊகிக்கிற வேலை இது. அடக்கமாகப் பேசு.

2. இளையவர் சொல்லுக்குக் காது கொடு. சில மென்பொருள்கள் மூளையை இடவலம் மாற்றிக் காட்டும், சில மாற்றாது. என் முதல் கட்டுரையை அனுப்பப்போன இரவில், ஸ்கேனரை இயக்கும் தம்பி கேட்டான்: “அக்கா, வலது கையைத்தானே அசைத்தார்கள்? இடது மூளையல்லவா ஒளிரணும், வலது மூளை ஏன் ஒளிருது?” அவனைக் கடிந்துகொண்டேன். விடிவதற்குள் அவன் சொன்னதே சரி என்று தெரிந்துவிட்டது. ஆறு மாதக் கணக்கைத் திரும்பப் போட்டேன், அது பெரிதில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

3. கட்டுரைகளை எண்ணாதே. 1961-இல் நம் கடற்கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபத்தைப் பற்றித் தாத்தா சொல்வார்: சிப்பிக் குவியலைப் பார்த்து யாரும் பணக்காரன் ஆனதில்லை. கட்டுரையும் அப்படித்தான், உள்ளே முத்து இருக்கிறதா என்று பார். மூளைப் படத்தில் பல்லாயிரம் சிறுகட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, நூற்றுக்கு ஐந்து பிழையைப் பொறுத்தால், பொய் ஒளி ஆயிரக்கணக்கில் எழும். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் தோழர்களும் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். திருத்தாத கணக்கில் மீனின் மூளையும் ஒளிர்ந்தது! செத்த மீனின் கண் எப்படியிருக்கும் என்று நம் ஊரில் பிறந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

4. வேண்டாம் என்று ஒதுக்கியதை இன்னொரு முறை பார். சும்மா படுத்திருப்பவரின் படத்தில் தெரியும் மெல்லிய ஏற்ற இறக்கம் வெறும் இரைச்சலாகவே தோன்றும். கை அசையாதபோதும் இரு பக்க இயக்கப் பகுதிகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995-இல் பரத் பிஸ்வால் அதற்குள்தான் கண்டார். ஓய்விலிருக்கும் மூளையைப் படிக்கும் தனித்துறையே அதிலிருந்து வளர்ந்தது.

5. முத்துக்குளிக்கக் கடலில் இறங்குபவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்பார்கள். தங்கை தாலிக்காக மச்சான் கண் அயரமாட்டான். உன் கணக்கையும் அப்படி ஒருவரிடம் கொடு. 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரே தரவை 70 குழுக்கள் அலசின. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. சில கேள்விகளுக்கு விடைகளும் ஒத்துப்போகவில்லை. ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் அனுபவமுள்ளவை.

6. உள்ளே படுப்பவரை அதட்டாதே. தலை லேசாக அசைந்தாலும் படம் கெடும். அதனால் நமக்குப் பதற்றம் வரும். ஒரு மூதாட்டி குழாய்க்குள் போனதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்று படம் எடுக்கவில்லை. வெளியே அழைத்துவந்து டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரே பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.