‘டர்ன்’ வந்ததாகப் பாட்டி சொன்னால்…

ஓ.இ.டி. பாஸ் செய்து, விசாவும் கைக்கு வந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் புறப்படும் தங்கச்சிக்காக இதை எழுதுகிறேன். மருந்துப் பெயர்களில் உனக்குச் சிக்கல் இருக்காது. டாக்டர்கள் பேசுவதும் சீக்கிரம் பழகிவிடும். உன்னைத் திணற வைக்கப் போவது வயதான நோயாளிகள் பேசும் வீட்டு ஆங்கிலம்தான். அதிலும் முக்கியமாக ‘டர்ன்’. திரும்புவது, வளைவது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். வார்டில் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால் நோயாளிக்கு ஆபத்து.

காலை டீ கொண்டுபோகிறாய். எண்பது வயதுப் பாட்டி, “பாத்ரூமில் ஒரு ஃபன்னி டர்ன் வந்துவிட்டது, லவ்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நினைப்பு அவர்கள் தலைமுறையில் அதிகம். அதனால்தான் அந்தச் சிரிப்பு. வேடிக்கையாக ஏதோ நடந்திருக்கிறது என்று நீயும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதே. நம்மூர் ஆச்சி “ஒரு மாதிரியா வந்துச்சும்மா” என்பாரே, அதேதான் இது. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். எழுந்த வேகத்தில் பிபி இறங்கியிருக்கலாம், சுகர் குறைந்திருக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியிருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம். கொஞ்ச நேரம் வந்து தானாகவே மறைந்துவிடும் மினி ஸ்ட்ரோக்காகவும் இருக்கலாம்.

டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். “அந்த டர்ன் வந்தபோது எப்படி இருந்தது, எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேள். இப்படிக் கேட்பதால் உனக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் நினைக்கப் போவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நல்ல நர்ஸும் இதைத்தான் கேட்பார். நின்றபோது வந்ததா, உட்கார்ந்திருந்தபோதா? அறை சுற்றியதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா? நெஞ்சு படபடத்ததா? நினைவு தப்பியதா, கீழே விழுந்தாரா, தலையில் அடிபட்டதா? எவ்வளவு நேரம் இருந்தது? பக்கத்துக் கட்டில்காரர் பார்த்திருந்தால் அவரிடமும் கேட்டுவிடு. நினைவு தப்பியவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

கேட்கும்போதே கண்ணும் வேலை செய்யட்டும். முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் காத்திருக்காதே, அவசர உதவியைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குள் அவசர எண் 2222. முதியோர் இல்லத்தில் வேலை என்றால் 999. இவை எதுவும் இல்லையென்றாலும் நாடி, பிபி, ஆக்ஸிஜன் எல்லாம் எடுத்து, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டும் ‘நியூஸ் 2’ ஸ்கோர் போடு. சுகரும் பார்த்துவிடு. இங்கே சுகர் மில்லிமோல் கணக்கில் வரும். 18-ஆல் பெருக்கினால் நம்மூர் அளவு. 4-க்குக் கீழே, அதாவது நம் கணக்கில் 72-க்குக் கீழே போனால் உடனே சிகிச்சை வேண்டும். மீட்டரில் 3.4 என்று பார்த்தால் கை தானாகக் குளுக்கோஸைத் தேடும் அளவுக்கு இந்தக் கணக்கு உனக்குப் பழகிவிட வேண்டும்.

எழுந்ததும்தான் வந்தது என்றால் படுத்த பிபி, நின்ற பிபி இரண்டும் தேவை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, நின்றபின் முதல் நிமிடத்துக்குள் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் இன்னொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல். நிற்க வைக்கும்போது தனியாக நிற்காதே, கூட ஒரு ஆளை வைத்துக்கொள்.

அடுத்தது எழுதுவது. ‘ஃபன்னி டர்ன் வந்தது’ என்று மட்டும் குறிப்பில் எழுதிவிட்டு ஷிஃப்ட் முடிந்து போனால், அடுத்து வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பாட்டியின் வார்த்தையை மேற்கோளில் போடு. அதன் பக்கத்திலேயே, ‘காலை 6.40, கழிப்பறையிலிருந்து எழும்போது கண் இருட்டியது, ஒரு நிமிடத்தில் சரியானது, விழவில்லை, நினைவு தப்பவில்லை’ என்று நடந்ததை எழுது. டாக்டருக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

‘டர்ன்’ எந்த வினையோடு வருகிறது என்றும் காது கொடுத்துக் கேள். ‘ஹேட் எ டர்ன்’ என்றால் மேலே சொன்ன உடல் கோளாறு. ‘கேவ் மீ எ டர்ன்’ என்றால் திடுக்கிட்டுப் போனார், அவ்வளவுதான். கதவு படாரென்று சாத்தியிருக்கும். ‘டுக் எ டர்ன்’ என்று வந்தால் வாக்கியம் முடியும்வரை பொறு. தோட்டத்தில் என்று முடிந்தால் சின்ன நடை போய் வந்திருக்கிறார். ‘ஃபார் த வர்ஸ்’ என்று முடிந்தால் நிலைமை மோசமாகிவிட்டது. ராத்திரி போன் செய்யும் மகள் தன் அம்மாவைப் பற்றி இந்த இரண்டாவதைத்தான் கேட்பாள்.

வார்டு வேலைச் சொல்லாகவும் இது வரும். “ஆறாம் கட்டிலை டர்ன் பண்ணியாச்சா?” என்றால் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாயா என்று கேட்கிறார்கள். நாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று படித்தோம். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2014 வழிகாட்டுதல், ஆபத்து உள்ளவருக்குக் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆபத்து அதிகமுள்ளவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்கிறது. உன் நோயாளிக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் இருக்கும், அதைப் பார்த்துச் செய். வெறும் கையால் இழுக்காதே, ஸ்லைட் ஷீட் போடு. இழுபட்டால் தோல் உரியும், உன் முதுகும் போகும். முதுகெலும்பில் அடிபட்டவர் என்றால் தலையைப் பிடித்திருப்பவர் சொல்வதுதான் உத்தரவு. எந்தச் சொல்லில் எல்லோரும் சேர்ந்து புரட்டுவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கணுக்கால் ‘டர்ன்’ ஆனால் பிசகியிருக்கிறது. பால் ‘டர்ன்’ ஆனால் திரிந்துவிட்டது. பிரசவ வார்டில் குழந்தை ‘டர்ன்’ ஆகிவிட்டதா என்றால் தலை கீழே வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

‘டர்ன் டவுன்’ மட்டும் கவனம். ஆக்ஸிஜனைப் பற்றிச் சொன்னால் குறைக்கச் சொல்கிறார்கள்; “இரண்டு லிட்டருக்கா?” என்று எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகுதான் கை வை. மாத்திரையை ‘டர்ன் டவுன்’ செய்தார் என்றால் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார். ஏன் என்று பொறுமையாகக் கேள். பெரும்பாலும் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், அல்லது வயிறு புரட்டும். சார்ட்டில் மறுத்தார் என்று பதிவு செய்து டாக்டரிடமும் சொல். பார்க்கின்சன் மாத்திரை என்றால் அடுத்த ரவுண்டுவரை தள்ளிப்போடாதே. குறித்த நேரத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் அது உள்ளே போயாக வேண்டும்.