கேப்டன் 58, கடைசி வண்டி 86

கேள்வி:

நாங்கள் பத்துப் பேர், பத்து பைக். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஏதாவது ஒரு மலைக்குப் போய்விட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவோம். போன முறை மலை இறங்கி, கடைசி வளைவைத் தாண்டி, இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கிற நேர் ரோட்டுக்கு வந்ததும் போலீஸார் எல்லோரையும் ஓரங்கட்டினார்கள். எட்டாவதாக வந்த எனக்கு ஸ்பீடு கன்னில் 81, எனக்குப் பின்னால் வந்த இருவருக்கு 84, 86 என்று சொல்லி மூன்று பேருக்கும் சலான் போட்டார்கள். மற்ற ஏழு பேரின் லைசென்ஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு, "இன்னொரு தடவை கூட்டமா வந்தீங்கன்னா எல்லாருக்கும் ரேஸ் கேஸ்தான்" என்றார் எஸ்.ஐ. முன்னால் போன எங்கள் ரைடு கேப்டனுக்கு அதே கன் காட்டியது 58. அவர் பின்னாலேயே வந்த நாங்கள் எப்படி 80-ஐத் தாண்டியிருப்போம்? எச்சரிக்கைப் பலகை எதையும் பார்த்த ஞாபகமும் இல்லை. கூட்டமாகப் போவதே குற்றமா? பணத்தைக் கட்டலாமா, வழக்காடலாமா? எங்களில் இரண்டு பேர் சைலன்சர் மாற்றியிருக்கிறார்கள். அதனாலும் பிரச்சினை வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில் (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்):

கேப்டனுக்கு 58, கடைசி வண்டிக்கு 86 என்றால் மெஷின் கோளாறு என்றுதான் பலருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து பைக் வரிசையாக ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு வண்டி இரண்டு விநாடி இடைவெளி விட்டு ஒழுங்காகத்தான் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் எல்லோருக்கும் 30 கிலோமீட்டர் வேகம். கேப்டனுக்கும் எட்டாவது வண்டிக்கும் நடுவே 14 விநாடி; தூரத்தில் சுமார் 117 மீட்டர். கேப்டன் வளைவைத் தாண்டி 60-க்கு வந்துவிட்டார். உங்கள் முறை வந்து நீங்களும் அதே 60-ஐப் பிடிக்கும்போது அதே 14 விநாடி 233 மீட்டராகியிருக்கும். யாரும் தப்புப் பண்ணவில்லை, விநாடிக் கணக்கும் மாறவில்லை. ஆனால் இன்னும் வளைவுக்குள் 30-ல் திரும்பிக்கொண்டிருக்கிற உங்கள் கண்ணுக்கு, முன்னால் போகிறவர்கள் விட்டுவிட்டு ஓடுகிற மாதிரிதான் தெரியும். கை தானாக ஆக்ஸிலரேட்டரைத் திருகும். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் உங்களையும் சேர்த்துத் துரத்த வேண்டும். அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் முறுக்கு. 81, 84, 86 என்று வரிசையாக ஏறியிருக்கிறது பாருங்கள். மெஷின் பழுதாகி எண்ணைக் கொட்டினால் இவ்வளவு ஒழுங்காக ஏறாது. இதைத்தான் ரப்பர் பேண்டு என்பார்கள். கேப்டன் கடைசிவரை தான் நிதானமாகப் போனதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அவர் நினைப்பதும் நிஜம்தான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரும்பாலான குழுக்களில் புதிதாக வண்டி வாங்கியவரையும், மலை ரோடு பழகாதவரையும் பின்வரிசைக்குத்தான் தள்ளுகிறார்கள். கூட்டத்திலேயே வேகமாக ஓட்ட வேண்டிய இடம் அதுதான்.

அதற்காக கன் காட்டுவதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. கூட்டமாக வரும் பைக்குகள் விஷயத்தில் ஒரு சந்தேகம் நியாயமானது. லேசர் கன்னின் கதிர் மெல்லியது என்றாலும் போகப் போக விரியும். 300 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு விழும். பைக்கின் ஹேண்டில்பார் அகலமே அதைவிடக் குறைவு. இரண்டு பைக் அடுத்தடுத்து ஒட்டி வந்தால், பதிவான எண் யாருடையது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பழைய ரேடார் கன் என்றால் சந்தேகம் இன்னும் பெரிது. அதன் அலை ரோடு முழுக்கப் பரவிவிடும். ஆகவே கேட்க வேண்டியது படத்தை. லேசர் கன்னோடு இணைந்த கேமராவில் குறிப்புள்ளி எந்த வண்டி மேல் நிற்கிறது, தூரம் எவ்வளவு, நேரம் என்ன, வேகம் என்ன என்பதெல்லாம் ஒரே படத்தில் பதிவாகும். குறிப்புள்ளி உங்கள் ஹெட்லைட் மேலோ நம்பர் பிளேட் மேலோ இருந்தால் வாதம் அங்கேயே முடிந்தது. இரண்டு வண்டிக்கு நடுவே கிடந்தால் அதுதான் உங்கள் வாதம். கன் ரோட்டோரத்தில் சாய்கோணத்தில் நின்றதால் வேகத்தைக் கூட்டிக் காட்டியது என்று சிலர் வாதாடுவார்கள். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோணம் கூடக் கூட ரீடிங் குறையும், கூடாது. அந்தப் பிழை எப்போதும் ஓட்டுநர் பக்கம்தான்.

இனி சட்டம். நான்குவழிச் சாலையும் நகராட்சி எல்லையும் அல்லாத சாதாரண ரோட்டில் பைக்குக்கு உச்ச வேகம் 60 என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்திருக்கிறது. மாநில அரசு பலகை வைத்து இதைக் குறைக்கலாம். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரே ஒரு சாட்சி 'வேகமாக வந்தான்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொன்னால் தண்டிக்க முடியாது. கருவியின் அளவு வேண்டும். குழுவில் ஒருவருக்கு எடுத்த ரீடிங்கை வைத்துப் பத்துப் பேருக்கும் 183 எழுதினால் நிற்காது. உங்கள் விஷயத்தில் அப்படி எழுதவில்லை. எல்லோரையும் நிறுத்தி ஆவணம் கேட்டது அதிகாரத்துக்கு உட்பட்டது. எண்ணைக் குறித்துக்கொண்டது வழக்கு ஆகாது.

எச்சரிக்கைப் பலகை பற்றிச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் மின்னணுக் கண்காணிப்புக்காக 167ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். ஸ்பீடு கன்னும் அதற்குள் வரும். கருவிக்கு மாநில அரசின் அதிகாரி கொடுத்த ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு நடக்கும் இடத்துக்கு முன்பே தெளிவான எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மரத்தின் மறைவில் நின்று பிடிக்கிற பழக்கத்துக்கும் இந்த விதிக்கும் ஒத்துப்போகாது. ஆனால் 'பார்த்த ஞாபகம் இல்லை' என்பது நீதிமன்றத்தில் நிற்காது. திரும்பப் போய் மலைப்பக்கமிருந்து அதே ரோட்டில் வந்து, பலகை இருக்கிறதா இல்லையா என்று தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாருடைய ஹெல்மெட்டிலாவது கேமரா ஓடியிருந்தால் இன்னும் நல்லது. அதே கேமரா உங்களுக்கு எதிராகவும் பேசும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரேஸ் விஷயம் கொஞ்சம் ஆழமானது. 189-வது பிரிவு: மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் ரேஸிலோ வேகச் சோதனையிலோ பங்கெடுத்தாலும், அதை அனுமதித்தாலும் குற்றம். முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பத்துப் பேர் சேர்ந்து மலைக்குப் போவது ரேஸ் ஆகாது. ஒருவர் பின் ஒருவராகப் போனதும் ஆகாது. போட்டி இருந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் 'எவ்வகை வேகச் சோதனையும்' என்று பிரிவு விரிந்து கிடக்கிறது. அடிவாரத்தில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, கொல்லிமலையின் 70 வளைவையும் இத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று ரீல்ஸ் போடுகிறவர் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். 'அனுமதித்தாலும்' என்ற சொல் கேப்டனையும் வாட்ஸ்அப் குரூப் அட்மினையும் தொடக்கூடியது. ரேஸே இல்லாமலும் லைசென்ஸ் போகலாம்: 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் லைசென்ஸை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பத்தாண்டுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை, ரத்து செய்தது. எஸ்.ஐ. சொன்னது இப்போதைக்கு வெறும் மிரட்டல்தான். உங்கள் குழுவின் வீடியோக்களில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பணம் கட்டுவதா, வழக்காடுவதா? 183-க்கு மட்டும் என்றால், படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புள்ளி உங்கள் வண்டி மேல் இருந்து, பலகையும் இருந்தால் கட்டிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்காக வாய்தாவுக்கு அலைவது வீண். ஆனால் கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 183, 189 போன்ற பிரிவுகளில் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. உங்களை விசாரித்த பிறகு ஆர்.டி.ஓ. மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். அபராதம் கட்டியது அந்த நடவடிக்கையைத் தடுக்காது. லைசென்ஸை வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். 189 எழுதப்பட்டால் மட்டும், நின்ற இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த தடவை அதுவே 'இரண்டாம் குற்றம்' என்று வரக்கூடும்.

போலீஸ் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லேசருக்கு நேர் பார்வை தேவை. கொல்லிமலைப் பாதையிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவிலோ 300 மீட்டர் நேராகத் தெரிகிற இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் கன் அடிவாரத்து நேர் ரோட்டில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் பைக் விழுவது மேலே. விபத்தான வண்டியைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது எந்த கியரில் நிற்கிறது என்பதை. கொண்டை ஊசியில் விழுந்த வண்டி நான்காவது கியரில் நின்றால், ஓட்டியவர் வளைவைப் பார்க்கவில்லை, முன்னால் போன வண்டியின் டெயில் லைட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வரும். 30 மீட்டருக்கு மேல் தெரியாத ஒரு வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், சுதாரிக்க ஒரு விநாடியும் சேர்த்து, காய்ந்த ரோட்டில் சுமார் 21 மீட்டரில் நிற்கலாம். 60-ல் வந்தால் 40 மீட்டர் வேண்டும். தனிப் பலகை இல்லாத இடத்தில் அந்த 60 சட்டப்படி சரியான வேகம்! எதிரே பஸ் வந்தால் பிரிவு எண் உதவாது. வால்பாறைப் பாதையில் ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு ரோட்டிலேயே நிற்கும். அதற்கு ஹாரனும் தெரியாது, சட்டமும் தெரியாது.

இங்கிலாந்தில் பைக் ஓட்டிகள் மொய்க்கும் 'கேட் அண்ட் ஃபிடில்' என்ற மலைச் சாலையில், இரண்டு கேமராக்களுக்கு நடுவே எவ்வளவு நேரத்தில் வந்தாய் என்று சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையை வைத்தார்கள். மும்பை–புனே விரைவுச் சாலையிலும் இப்போது அந்த முறை இருக்கிறது. நம் மலைப் பாதைகளுக்கு மறைந்திருக்கும் கன்னைவிட அது பொருத்தம் என்பது என் எண்ணம். கடைசி நேர் ரோட்டில் மட்டும் பிரேக் பிடித்துத் தப்ப முடியாது. வளைவில் நிதானமாக வந்தவர் ஒரு நொடி முறுக்கியதற்காக மாட்டவும் மாட்டார்.

உங்கள் குழு செய்ய வேண்டியது இதுதான். பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டாவது அணியைப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்புங்கள். எட்டாவது வண்டி என்ற இடமே இருக்காது. முன்னால் போகிறவரைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தூக்கி எறியுங்கள். அதற்குப் பதிலாக, பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் கேப்டனுக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று, கடைசி வண்டி வந்த பிறகே நகரட்டும். வழி தவறாது என்று தெரிந்தால் யாருக்கும் துரத்தத் தோன்றாது. புதியவரைக் கேப்டனுக்கு நேர் பின்னால் விடுங்கள். வளைவிலிருந்து வெளியே வந்ததும் கேப்டன் உடனே 60-க்குப் போகாமல், கண்ணாடியில் கடைசி ஆள் தெரியும் வரை 40-லேயே உருட்டட்டும்.

சைலன்சருக்கு வருகிறேன். அது வேகத்தோடு சம்பந்தமில்லாத தனி வழக்கு. உங்கள் 183-ஐவிடச் செலவும் அதிகம். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2)-ன்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். கம்பெனி கொடுத்ததை மாற்றியதற்கு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தனி. அந்த இரண்டு பேரும் பழைய சைலன்சரைப் பரணிலிருந்து எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மாட்டிவிடட்டும்.