தவணை வியாபாரமும் நமது வருமானமும்

ஒரு பொருளை இன்றே பெற்றுக்கொண்டு, அதன் விலையைப் பின்னர்ச் சிறுகச் சிறுகச் செலுத்துவது தவணை வியாபாரம் எனப்படும். இது புதிய முறையன்று. அமெரிக்காவின் சிங்கர் கம்பெனி 1856ஆம் ஆண்டிலேயே தையல் இயந்திரங்களைத் தவணைக்கு விற்கத் தொடங்கிற்று. இன்றோ கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, பண்டிகைத் துணிமணி ஆகிய யாவும் தவணைக்குக் கிடைக்கின்றன. ஈடு வேண்டுவதில்லை, ஜாமீன்தாரர் வேண்டுவதில்லை. கைப்பேசியை விரலால் சில முறை தொட்டால் கடன் ஏற்பட்டுவிடுகிறது. கடன் எளிதாகக் கிடைப்பதனால் அதைச் செலுத்துவதும் எளிதாகிவிடுமா? இதனை அங்கத்தினர்கள் கணக்கிட்டு அறிதல் வேண்டும்.

வருமானமும் தவணைத் தேதியும்

வடசென்னையில் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள பகுதியை உதாரணமாகக் கொள்வோம். துறைமுகமும் ஆலைகளும் மலிந்த இப்பகுதியில் மாதச் சம்பளம் பெறுவோரும் உண்டு. வேலை கிடைத்த நாளில் மட்டும் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பங்களும் பல. மீன்வளத்தைக் காக்கும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. அந்நாட்களில் படகுத் தொழிலாளிக்குப் பங்குப் பணம் இல்லை. ஐஸ் ஏற்றுவோர், மீன் சுமப்போர் ஆகியோருக்கும் வேலை குறைகிறது. பள்ளிகள் திறக்கும் செலவும் ஜூன் மாதத்தில்தான் வந்து சேர்கிறது. கடலுக்குத் தடை உண்டு. தவணைக்குத் தடை இல்லை.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் நிலைமை வேறன்று. மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட இயலாது. அறுவடை முடிந்தாலன்றி வயல் பணம் தராது. நமது வருமானம் பருவத்தைப் பொறுத்து வருகிறது. தவணையோ மாதந்தோறும் குறித்த தேதியில் வருகிறது. தவணை வியாபாரத்தில் நமக்குள்ள பெரும் அபாயம் இதுவே.

“வட்டி இல்லை” என்பதன் பொருள்

ரொக்கமாக வாங்கினால் 11,400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கைப்பேசி, தவணைக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 வீதம் ஆறு தவணை. வட்டி இல்லை என்கிறார்கள். கட்டணம் என்று 240 ரூபாய் முதலிலேயே பெறுகிறார்கள். ஆக, நாம் அதிகமாகக் கொடுப்பது 840 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்து வருவதால், ஆறு மாதத்திலும் சராசரியாக நம்மிடம் நிற்கும் கடன் ஏறத்தாழ 6,650 ரூபாய்தான். அதற்கு அரை ஆண்டில் 840 ரூபாய் எனில், ஆண்டுக்கு நூற்றுக்கு 25 ரூபாய் வட்டியாகிறது. வட்டி என்னும் சொல் இல்லையே தவிர, வட்டி இல்லாமலில்லை. இத்தகைய திட்டங்களில் வட்டி கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013ஆம் ஆண்டில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டிற்று.

தவணை தவறினாலோ செலவு பெருகும். கணக்கில் பணமின்மையால் திரும்பியதற்கு நமது வங்கி ஒரு தொகையைப் பிடிக்கும். கடன் கொடுத்த நிறுவனம் தாமதத்திற்காக வேறொரு தொகையைக் கேட்கும். கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டிலும் அக்குறை ஏறும். பின்னொரு நாள் தறிக்கோ, கறவை மாட்டிற்கோ வங்கியில் கடன் கேட்கும்போது, கைப்பேசித் தவணை குறுக்கே நிற்கும்.

ஈட்டும் பொருளும் ஈட்டாத பொருளும்

கடன் யாவும் தீதென்று நாம் கூறவில்லை. தையல் இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கிய பெண், அதில் தைத்தே தவணையைக் கட்ட இயலும். பொருள் தன் விலையைத் தானே ஈட்டித் தருகிறது. தறியும் பம்புசெட்டும் அத்தகையவை. பண்டிகைப் புடவையோ தவணை முடியுமுன்பே பழசாகிவிடும். ஈட்டாத பொருளுக்கான தவணையை வயிற்றுச் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தொழிலாளர் கடன் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனில் இருந்தனர் என்றும், ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி சாதாரணமாயிருந்தது என்றும் அதில் காண்கிறோம். ஓரணா அற்பமாகத் தோன்றும். ஆண்டுக்கு அது நூற்றுக்கு 75. சிறு தொகையாகச் சொல்லிப் பெருந்தொகையை வாங்கும் வழக்கம் அன்றே இருந்தது.

முன்னே கட்டும் தவணை

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றை நிறுவியபோது, ரொக்கத்திற்கே விற்பது என்று விதித்தனர். கடைக் கடனில் அகப்பட்டவன் விலையும் தரமும் கேட்கத் துணியான் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

தவணை கட்டும் பழக்கம் நல்லதே. அதைப் பொருள் வாங்குமுன் கட்டுவதே நாம் கூறும் வழி. தமிழ்நாட்டு மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அங்கத்தினர் 1,500 ரூபாய் சேமித்தால், மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகக் கிடைக்கிறது. கூட்டுறவு நெசவாளருக்கும் கூலியில் பிடித்துச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உண்டு. கைப்பேசிக்கு மாதம் 2,000 கட்ட வல்லவர், அதனை ஆறு மாதம் சங்கத்தில் சேமித்தால், மேற்கண்ட கணக்கில் பொருளும் கிடைக்கும். 600 ரூபாயும் வட்டியும் கையில் மிஞ்சும்.

அவசியம் கருதிக் கடன் வாங்க நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை:

1. ரொக்க விலை எவ்வளவு, தவணை முடியக் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு என்று இரண்டையும் எழுதி ஒப்பிடுக.

2. 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடனின் முக்கிய விவரங்களை, ஆண்டு வட்டி வீதத்துடன், கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தருதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெற்றுப் படித்த பின்னரே சம்மதம் கொடுக்க.

3. கைப்பேசி வழி பெற்ற கடன் வேண்டாமெனத் தோன்றினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்நாளைய வட்டியையும் செலுத்தித் தண்டமின்றி விலகலாம்.

4. ஒரு தவணை முடியுமுன் மற்றொன்றைத் தொடங்கற்க.

ஆய்வு வட்டத்தில் விவாதிக்க

ஓர் அங்கத்தினரின் கூலி நல்ல மாதத்தில் 9,000 ரூபாய். மழை மாதத்தில் 4,000 ரூபாய். மாதத் தவணை 1,500 ரூபாய். நல்ல மாதத்தில் இது கூலியில் ஆறில் ஒரு பங்கு. மழை மாதத்தில் எத்தனை பங்கு? மீதியில் குடும்பம் எத்தனை நாள் நடக்கும்? ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கூலியையும் தம் தவணையையும் கொண்டு இக்கணக்கைப் போட்டு வருக.