முதியோர் தனிவாழ்வும் புதிய கருவிகளும்

முதுமை எய்தியோர் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே. தாம் வாழ்ந்த வீட்டில், தம் அடுப்பில் தாமே சமைத்து, பிறர்க்குப் பாரமின்றி வாழ்தலே அது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மக்கள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ பிரான்சுக்கோ சென்றுவிட, தறியையும் கழனியையும் விட்டு ஓய்ந்த பெற்றோர் தனித்து வாழும் வீடுகளை நாம் அறிவோம். இரவில் கால் இடறி விழும் மூதாட்டி விடியும் வரை கிடக்க நேர்ந்தால் உயிருக்கே கேடு விளையும். இவர்கட்குக் கைபேசியும் கணிப்பொறியும் எவ்வாறு உதவக்கூடும் என்பதே இம்மாதப் பாடம்.

நம் மண்ணின் படிப்பினை

1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. இடத்தை ஊரார் அளித்தனர். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கிற்று. கடற்கரை ஊர்களில் அலைநிலை பற்றிய செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆபத்தைத் தெரிவித்தார். செய்தி பெற்றோர் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஊரார் கரையை விட்டு அகன்றனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர்.

இதில் நாம் கற்பது யாது? தொலைபேசி மட்டும் அவ்வூரைக் காக்கவில்லை. தொலைவில் நினைவு வைத்திருந்த ஒருவர், சொல்லைக் கொண்டுசேர்த்த கருவி, கேட்டவுடன் செயற்பட்ட அண்டையார் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. முதியோர் நலனுக்கும் இம்மூன்றும் வேண்டும்.

கைக்கெட்டும் உதவிகள்

முதலாவது, உயிர்வாழ்ச் சான்று. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் அலுவலகம் சென்று நிற்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' தொடங்கப்பெற்றது. வைப்புநிதி ஓய்வூதியம் பெறும் முன்னாள் ஆலைத் தொழிலாளரும் இதனைப் பயன்படுத்தலாம். நூலிலும் சேற்றிலும் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. அத்தகையோர் வருந்த வேண்டா. 2021 முதல் முகத்தைக் காட்டியே கைபேசி வழியாகச் சான்று அளிக்கலாம்.

இரண்டாவது, மருத்துவ ஆலோசனை. 'இ-சஞ்சீவனி' என்னும் அரசுச் சேவையின் வாயிலாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் கண்டு பேசலாம்.

மூன்றாவது, அவசர அழைப்பு. முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தெனில் எந்நேரமும் 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். இவ்வெண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நன்று. விழுந்தவர்க்கு எட்டாத மாடத்தில் இருக்கும் கைபேசியால் பயனில்லை. அதனைக் கழுத்துக் கயிற்றிலோ மடியிலோ வைத்திருத்தல் வேண்டும்.

எச்சரிக்கை

வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவர் எவராயினும் அதனைச் சொல்லலாகாது. பணம் பறிபோயின் உடனே 1930 எண்ணில் முறையிட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் கேமரா பொருத்த விரும்பின், பெற்றோரின் இசைவு பெற்றே செய்தல் முறை. வீடு அவர்களுடையது, அவர்தம் மானமும் அவர்களுடையதே.

சங்கத்தின் பங்கு

கடனும் நூலும் விதையும் கூடிப் பெற்ற நாம், காவலையும் கூடியே பெறலாம். பத்து வீட்டுக்கு ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்று, தனித்து வாழும் முதியோரை நாள்தோறும் காலையில் அழைத்துப் பேசட்டும். மறுமொழி இல்லையெனில் அண்டை வீட்டார் உடனே சென்று கதவைத் தட்டட்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு குறிப்பேடும் தவறாத கடமையுணர்வும் போதும். தட்டுவதற்கு ஒரு கை இல்லாவிடில், எத்துணை விலையுயர்ந்த கருவியும் வெறும் பொம்மையே.

கலந்துரையாடற்கு வினாக்கள்

1. நம் ஊரில் தனித்து வாழும் முதியோர் யாவர்? அவர்தம் இருப்பை நாள்தோறும் அறிபவர் யார்?

2. விரல்ரேகை ஏற்கப்படாமையால் உதவித்தொகை பெற இயலாதோர் உளரா? அவர்க்குச் சங்கம் செய்யத்தக்கது யாது?

3. காலை அழைப்புக்கு முதலில் பெயர் தருவோர் எவர்?